மஸ்கட்டிலிருந்து வந்த ஆக்ஸிலேட்டர் துண்டு

மேல் டிவிஷன் லயம்,
தேவிகுளம்.

அன்பு மகன் அருண்பாண்டிக்கு, அம்மா முத்துப்பேச்சி சொல்லச் சொல்ல உன் தங்கை மோனிஷா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று இவள் வழக்கம்போல எழுதிவிட்டாள், நான்தான் அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். போனில் பேசினால் பாதியிலேயே டியூட்டி என்று வைத்துவிடுகிறாய். அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஜின்சனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன், முழுக்கப் படி.

அப்பாவின் வலது கை எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். வருடக்கணக்காகத் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்து மெஷினைப் பிடித்து அதிர்ந்து அதிர்ந்து, டம்ளர் நழுவினால்கூடத் தெரியாத அளவுக்கு விரல்கள் மரத்துப்போய்விட்டன. நீ விட்டுப்போன பழைய பைக்கின் ஆக்ஸிலேட்டரை முறுக்க அவரால் முடியவில்லை. எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் மோனிஷா. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற பிள்ளை, தானாகப் போய் தேவிகுளத்தில், படிப்பை விட்டவர்களுக்கு நடத்துகிற பத்தாம் வகுப்புத் துல்யதா கிளாஸில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கிளாஸ் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலையில் ஜீப் கிடையாது, யானை நிற்கிற ரோட்டில் நடக்கவும் முடியாது. அதனால்தான் பைக்கை இவளே ஓட்டட்டும் என்று அப்பா எஸ்டேட் கிரவுண்டில் வைத்துப் பழக்கினார். நன்றாகத்தான் ஓட்டினாள். அதை உன் கூட்டாளி ஆனந்தகுமார் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினான். உடனே போன் பண்ணி, பொட்டப்புள்ளைய பைக்குல ஏத்தி ஊரு சிரிக்க வைக்கிறீகளா, அது என் வண்டி, அவ தொடக்கூடாதுன்னு நீ கத்தினது ஸ்பீக்கரில் லயத்தில் வரிசையாக இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்டது. இவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனவள்தான். அப்பாவே ஓட்டுறதுக்கு ஒரு சாமான் அனுப்புறேன் என்றாய். எதிலும் நாள் கடத்துகிறவன், அதை மட்டும் உடனே அனுப்பினாய்.

வந்தது ஒரு பிளாஸ்டிக் துண்டு. கைப்பிடியில் மாட்டினால் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், முறுக்க வேண்டாம், உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாலே ஆக்ஸிலேட்டர் திரும்பும். மாட்டின அன்று பக்கத்து வீட்டுக் கற்பகம் வந்து பார்த்துவிட்டு, என்ன பேச்சி, ஒம் மகன் வர முடியலைன்னு அப்பனுக்குப் புதுக் கை அனுப்பி வச்சிருக்கானாக்கும், அப்படியே ஒனக்கு ஒரு காலும் கேளேன் என்றாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கிளாஸுக்குக் கொண்டுபோய் விட்டார், கூட்டி வந்தார், எம் மகன் மூளைக்காரன்யா என்று எல்லாரிடமும் காட்டினார்.

ஆனால் நம் ஆட்கள் இறக்கத்தில் எப்படி வண்டி விடுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? நீயும் அப்படி விட்டவன்தானே. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டிக்கொண்டே போவது, ஏற்றம் வரும்போது ஓட்டத்திலேயே சாவியைப் போட்டு, கியரில் தட்டிக் கிளட்சை விட்டு ஸ்டார்ட் பண்ணுவது. பரீட்சை முதல் நாளும் அப்பா அப்படித்தான் போனார். இறக்கம் முழுக்கக் கையின் கனம் அந்தத் துண்டின் மேலேயே இருந்து, ஆக்ஸிலேட்டர் முழுசாகத் திரும்பியே நின்றிருக்கிறது. இன்ஜின் ஓடியிருந்தால் சத்தத்தில் தெரிந்திருக்கும். மரத்த கைக்கு என்ன தெரியும்? கீழ் வளைவில் கிளட்சை விட்டதும் வண்டி சீறிக்கொண்டு பாய்ந்து தேயிலைக்குள் போய் விழுந்தது. அப்பாவுக்கு அதே வலது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. இவளுக்கு முழங்கால் கிழிந்தது. ஒரு ஆளிடம் வழி கேட்கவும் தெரியாத பிள்ளை, நடு ரோட்டில் கையை விரித்து நின்று டூரிஸ்ட் ஜீப்பை மறித்திருக்கிறாள். ஜீப் பரீட்சை நடக்கிற ஸ்கூலைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. என்னை இங்க எறக்கி விடுங்கன்னு இவ ஒரு வார்த்தை சொல்லலையே பேச்சி என்று உன் அப்பா கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு அழுதார். மற்றப் பரீட்சைகளுக்கும் இவள் போகவில்லை.

விழுந்ததைப் போனில் சொன்னதும், மெதுவாப் போகச் சொல்லக்கூடாதா, வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாய். வண்டிக்கு ஒன்றும் இல்லை. இண்டிகேட்டர் உடைந்தது, அதை மாற்றி, அந்தத் துண்டைக் கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று. உன்னைக் குத்திக் காட்ட எனக்கும் ஆசை இல்லை. நீ கத்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கு இவள் ஓட்டியிருப்பாள், அப்பா பின்னால் உட்கார்ந்திருப்பார். இதை நான் நினைக்காத நேரம் இல்லை. அடுத்த வருடமும் எழுதலாம் என்று கிளாஸ் டீச்சர் ஜோமோள் வீடு தேடி வந்து சொன்னார்கள். இவளோ, வேண்டாம் டீச்சர், அண்ணன் சொன்னதுதான் சரி, எனக்கு இதெல்லாம் எதுக்கு என்கிறாள். கை ஒடிந்தது கூடி வரும், இந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் அப்பாவும் எவ்வளவோ சொல்லிவிட்டோம், சாவியைத் தொட மாட்டேன் என்கிறாள். வாயைத் திறந்து தடுத்தது நீதான், அதனால் நீதான் சொல்ல வேண்டும். இந்த வரிக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுதுடி என்று அதட்டி எழுத வைக்கிறேன். அன்றைக்குப் போலவே ஸ்பீக்கரில், லயம் கேட்க, மோனிஷா, வண்டியை எடுத்து ஓட்டு, போய்ப் பரீட்சை எழுது என்று சொல். அது முடியாது என்றால் எங்களுக்கு இனி ஒரு சாமானும் அனுப்பாதே, இருக்கிற வரை நடந்தே போய்க்கொள்கிறோம்.

வெயிலில் அலையாதே. தலைக்கு எண்ணெய் வை. என் கோபம் உன்னை ஒன்றும் செய்யாது, மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, மோனிஷாவைப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருப்பேன்.

இப்படிக்கு
உன் அம்மா,
முத்துப்பேச்சி சங்கையா

(எழுதியது மோனிஷா. அம்மா சொன்னதில் எதையும் விடவில்லை.)