ரெண்டாவதாய் எடுத்த பொடியன்

பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் றெபேக்கா கூப்பிட்டு ஒரு படிவம் தந்தார். 2023இல் கழகம் எடுத்த வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். யார் சிபாரிசு செய்தார்களோ அவர்களே நிரப்ப வேண்டும். எனக்கு வந்தது ஒன்றுதான். கிளிபோட் என்கிற வீரனுடையது.

கடைசியில் மூன்று பெட்டிகள். எதிர்பார்த்ததை விட மேல். எதிர்பார்த்தபடி. ஏமாற்றம். ஒன்றுக்குச் சரி போட்டு, மார்ச் 3க்குள் கொடுக்க வேண்டும்.

வின்சன்ற் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இதில் யோசிக்க என்ன இருக்கு? உன்னுடைய பையன்தானே."

உன்னுடைய பையன். இரண்டு வருடமாக இதைக் கேட்கிறேன். வின்சன்ற் முப்பது வருடமாக வீரர்களைத் தேடிப் பிடிக்கிறவர், தானும் விளையாடியவர். நான் வீடியோ வெட்டுகிறவள். ஆளைத் தெரிவு செய்கிற மேசையில் எனக்கு முதல் தடவை கதிரை கிடைத்தது அந்த வருடம்தான். கழகங்கள் முறை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் புது வீரர்களை எடுக்கும்; எங்கள் முறை இரண்டாவதாக வந்தது. வின்சன்ற் ஒருவனைச் சொன்னார். நான் கிளிபோட்டைச் சொன்னேன். அப்போதிருந்த முகாமையாளர் என் பேச்சைக் கேட்டார். வின்சன்ற் சொன்னவன் நாலாவதாக வேறு நகரத்துக்குப் போனான். இப்போது அங்கே பெரிய ஆள். அந்த முகாமையாளர் போய்விட்டார். அவருடைய இடத்தில் றெபேக்கா.

கிளிபோட் பதினேழு ஆட்டம்தான் ஆடியிருக்கிறான். மிச்சமெல்லாம் வெளியே வாங்கில் இருந்ததுதான். வானொலியில் கூப்பிட்டுக் கதைக்கிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கிற பெயரை இங்கே எழுதமாட்டேன்.

மாமி பின்னேரம் ஃபோனில் கேட்டார்: "என்ன பிள்ளை, உங்கட ரீம் கோல் அடிச்சதோ?" இது உதைபந்து இல்லை மாமி, கையில் பந்தோடு ஓடுகிற விளையாட்டு என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். அதுவும் இது பெப்ரவரி, ஆட்டமே இல்லாத மாதம். இன்றைக்கு "ஓம் மாமி, அடிச்சது" என்றேன்.

பெப்ரவரி 13, வியாழன்

பனி. ரோட்டு அடைபட்டுக் கிடக்கு. படிவத்தைத் தொடவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

அஜின்கோர்ட்டில் தமிழ்க் கடையொன்றில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் கிளிபோட்டின் தாயைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டு நின்றா. இரண்டு வருடத்துக்கு முன்பு ஹோல் எடுத்து விழா வைத்து அவனுக்கு மாலை போட்டபோது என்னைக் கட்டிப்பிடித்து அழுதவ. இன்றைக்குக் கண்டும் காணாத மாதிரித் திரும்பினா. நான்தான் கிட்டப் போனேன்.

"சுகமா இருக்கிறியளோ அன்ரி?"

"இருக்கிறம்." முருங்கைக்காயைப் பையில் போட்டா. பிறகு என்னைப் பார்க்காமலே, "நீர் ஏன் பிள்ளை அவனை அவ்வளவு உயரத்தில ஏத்தினனீர்? பத்தாவதா, இருபதாவதா எடுத்திருந்தால் ஒருத்தரும் அவனைப் பற்றிக் கதைச்சிருக்காயினம். கோயிலுக்குப் போனாலும் கேக்கினம், என்ன மகன் இப்ப விளையாடுறேல்லையோ எண்டு. அவன் இப்ப பூசைக்கே வாறேல்லை."

அவன் அதுக்குத் தகுதியானவன் எண்டு வாய் வரைக்கும் வந்தது. சொல்லேல்லை. கத்தரிக்காய் வாங்க மறந்துபோய் வந்திட்டன்.

பெப்ரவரி 17, திங்கள்

விடுமுறை. என் கணவர் துஷாந்த், வீட்டுக்கு முன்னால் பனி அள்ளிவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, கிளிபோட்டின் தாய் சொன்னதைச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்:

"உண்மையைச் சொல்லும். தமிழ்ப் பொடியன் எண்டபடியாலோ எடுத்தனீர்?"

கோப்பையை வைத்துவிட்டு எழும்பி மேலே போய்விட்டேன்.

எனக்குக் கோபம் துஷாந்தில இல்லை. உந்தக் கேள்வியில. வின்சன்ற் தன்ர ஊர்ப் பொடியன்களை, தான் படிச்ச பள்ளிக்கூடப் பொடியன்களை வருசா வருசம் கொண்டுவாறார். ஒருத்தரும் கேக்கிறேல்லை. நான் ஒரேயொரு ஆளைச் சொன்னன். அவனுக்குத் தமிழ்ப் பேர் கூட இல்லை, கிளிபோட். நான் பார்த்தது அவன்ர காலை. முந்நூற்றிப் பத்து இறாத்தல் ஆள், ஆனால் நடனக்காரன் மாதிரிக் கால் வைப்பான். அதைத்தான் பார்த்தன். வேற ஒண்டையும் பார்க்கேல்லை.

பார்க்கேல்லையோ?

இரண்டு மணித்தியாலம் கழித்துக் கீழே இறங்கி வந்து துஷாந்திடம் சொன்னேன்: "பரிசோதிச்சுப் பாப்பம். நீங்கள் உதவி செய்ய வேணும்."

பெப்ரவரி 20, வியாழன்

மூன்று பேரை எடுத்தேன். கிளிபோட், வின்சன்ற் சொல்லி நாலாவதாகப் போனவன், பத்து வருடமாக ஆடுகிற ஒரு சாதாரண ஆள். மூவருக்கும் ஒரே வேலை: பந்து எறிகிறவனுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று, வருகிறவனைத் தடுப்பது. ஆளுக்கு இருபது வீடியோத் துண்டு வெட்டினேன். நிறத்தை எடுத்துவிட்டேன். இலக்கத்தின் மேல் கறுப்புப் பட்டை. தலைக்கவசத்தை மங்கலாக்கினேன். அறுபதையும் துஷாந்த் தன் இஷ்டத்துக்குக் கலைத்துப்போட்டார். எது யார் என்ற பட்டியல் அவரிடம் மட்டும்.

வின்சன்றிடம் போய், "ஆள் யாரென்று தெரியாமல் புள்ளி போட முடியுமா?" என்றேன்.

"முப்பது வருடமாக நான் செய்கிறது அதுதான்."

"அப்ப பயமில்லைத்தானே."

முறைத்தார். மெமரி ஸ்டிக்கை வாங்கிக்கொண்டார்.

பெப்ரவரி 22, சனி

எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்.

வின்சன்ற் நேற்றே புள்ளியைத் தந்துவிட்டார். நான் இன்றைக்குக் காலை சாப்பாட்டு மேசையில் இருந்து அறுபதுக்கும் போட்டேன், ஐந்துக்கு இத்தனை என்று. ஓரத்தில் இது யாராக இருக்கும் என்று என் ஊகத்தையும் குறித்தேன். துஷாந்த் பட்டியலை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தார்.

நாலாவதாகப் போனவன்தான் முதல், இருவருடைய புள்ளியிலும். சாதாரண ஆளும் கிளிபோட்டும் கிட்டத்தட்டச் சமம். அதுவும் இருவருடைய புள்ளியிலும். ஆளைத் தெரியாதபோது வின்சன்றும் நானும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறோம்.

இதோடு விட்டிருக்கலாம். துஷாந்த் என் ஓரக் குறிப்புகளைப் பார்த்தார்.

கிளிபோட் என்று நான் நினைத்தது பதினெட்டுத் துண்டு. அதில் ஒன்பது அவனில்லை. ஆனால் பதினெட்டுக்கும் நாலு, ஐந்து என்று அள்ளிப் போட்டிருக்கிறேன். அவன்ர உண்மையான துண்டுகள் சிலதை வேற ஆள் எண்டு நினைச்சு ரெண்டு போட்டிருக்கிறன்.

துஷாந்த் பேப்பரைக் கவிழ்த்து வைத்தார். நான் நிமிர்த்தி வைத்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அவன் நல்லா விளையாட வேணும் எண்டு நான் ஆசைப்பட்டிருக்கிறன். ஓம். இனி என்ன?

பெப்ரவரி 26, புதன்

கிளிபோட் உடற்பயிற்சிக்கு வந்திருந்தான். படிவத்தைப் பற்றி அவனுக்குத் தெரியும். இந்தக் கட்டிடத்தில் எதுதான் இரகசியம்? வியர்வையோடு என் அறை வாசலில் வந்து நின்றான். நின்றால் வாசல் நிறைந்துவிடும்.

"அக்கா, யூ கேன் டிக் இற். ஏமாற்றம் எண்டே போடுங்கோ. ஐம் ஓகே."

"உனக்கு ஓகே. எனக்கில்லை. உள்ளுக்கு வந்து இரு."

அறுபது துண்டு பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், என்னுடைய ஒன்பது பிழையையும். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான், அவ்வளவு நல்ல சிரிப்பில்லை.

"சோ, ஐம் அவரேஜ்."

"இந்த நாட்டில இந்த வேலை செய்யிறது ஒன்பது கழகத்தில அஞ்சஞ்சு பேர். நாற்பத்தஞ்சு பேர். அதில நீ நடுவில. இருபத்தி நாலு வயதில."

"ரெண்டாவதா எடுத்தவன் நடுவில நிக்கக்கூடாதாம்." வியர்வை துடைத்த துவாயை மடித்தான், விரித்தான். "நான் கேட்டனானோ அக்கா, என்னை ரெண்டாவதா எடுங்கோ எண்டு? அண்டைக்குப் பேர் சொல்லேக்க நான் குசினியில சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தனான். முப்பதாவதா சொல்லியிருந்தாலும் இதே ஆள்தானே. இதே கால், இதே கை."

"தெரியும்."

"பிறகேன் எல்லாரும் நான் களவெடுத்த மாதிரிப் பாக்கினம்?"

அவன் போன பிறகு படிவத்தை எடுத்தேன். ஒரே இருப்பில் எழுதி முடித்தேன்.

மார்ச் 3, திங்கள்

றெபேக்கா படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். நான் எழுதியது இதுதான்: கிளிபோட் இந்தப் போட்டியில் தொடர்ந்து ஆடக்கூடிய, நடுத்தரமான முன்வரிசை வீரர். இரண்டாவதாக எடுத்தது அதிக உயரம். பத்தாவது அளவில் எடுத்திருக்க வேண்டும். அந்தத் தவறு வீரருடையது அல்ல, சிபாரிசு செய்த என்னுடையது. அவர்மேல் எனக்குச் சார்பு இருந்தது. பரிசோதித்து அறிந்தேன், முடிவுகள் இணைப்பில். இரண்டு வருடத்தில் அவரை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி நிறுத்தியதும் உதவவில்லை.

"பெட்டியில் சரி போடவில்லை," என்றார் றெபேக்கா.

"போடமாட்டேன்."

"நீயே எழுதியிருக்கிறாய், எதிர்பார்த்த அளவுக்கு இல்லையென்று. அப்படியென்றால் மூன்றாவது பெட்டி."

"எதிர்பார்த்தது நான். விளையாடினது அவர். அந்தப் பெட்டியில் அவருடைய பெயர் இருக்கு. என்னுடைய பெயரைப் போட்டுத் தாங்கோ, இப்பவே சரி போடுறன்."

இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. உயரட்டும்.

றெபேக்கா கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார், சார்பு என்ற வரியை எடுத்துவிடு, 'நான்' என்கிற இடத்தில் 'குழு' என்று எழுது, உனக்குப் பாதுகாப்பு என்று. இப்படி எழுதிய ஒருவரைத் தெரிவு மேசையில் வைத்திருக்கிறது தனக்குக் கஷ்டமாம்.

"குழுவில் வின்சன்றும் இருந்தவர். அவர் வேண்டாம் என்றவர். அவரை ஏன் இதற்குள் இழுக்க?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பெட்டி மூன்றும் வெறுமை.

மார்ச் 5, புதன்

வின்சன்ற் என்னுடைய மேசையில் ஒரு கோப்பி வைத்துவிட்டுப் போனார். பால் போட்டிருந்தது, நான் பால் குடிக்கிறதில்லை. குடித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

கிளிபோட்டை மேற்கில் ஒரு கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வாங்கியது, தெரிவின் கடைசிச் சுற்றில் ஒரு ஆளை எடுக்கிற உரிமை. வானொலிக்குக் கொண்டாட்டம்.

எனக்கும் கடிதம். தெரிவு மேசையிலிருந்து விலக்கப்பட்டு முழுநேர வீடியோ வேலைக்கு.

துஷாந்த் கேட்டார், "விட்டிட்டு வாறீரோ? நீர் வேற இடம் பாக்கலாம்."

"ஏன் விடோணும்? பொய் எழுதினவை விடட்டும்."

"ஒருத்தரும் பொய் எழுதேல்லையே."

"எழுதச் சொன்னவைதானே." சொல்லிவிட்டுச் சிரித்தேன். பிறகு குளியலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

விமான நிலையத்திலிருந்து கிளிபோட் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். "அம்மா உங்களைச் சாப்பிட வரட்டாம். நான் இல்லாட்டியும் போங்கோ."

போனேன். கணவாய்க் கறி வைத்திருந்தா. கிளிபோட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வெளிக்கிடும்போது மிச்சக் கறியைப் பெட்டியில் போட்டுத் தந்து, "குளிர் ஊராம் அது, இஞ்சத்தையை விட" என்றா.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றைக்குப் புது வீரர் தெரிவு. பக்கத்து அறையில் கைதட்டல் கேட்டது. நான் கதவைத் திறந்து வைத்தே வேலை செய்தேன்.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

சனிக்கிழமை ஆட்டம் கிளிபோட்டின் கழகத்தோடு. ஜூலையிலிருந்து அங்கே களமிறங்கும் முன்வரிசை ஐந்து பேரில் ஒருவனாக ஆடுகிறான், ஒரே இடத்தில். எதிரணியின் பலவீனங்களை வெட்டி எங்கள் பயிற்சியாளருக்குக் கொடுக்கிறது என் வேலை. அவனுடைய எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். பிழை ஒன்றும் கிடைக்காவிட்டால் நல்லது என்று மனம் சொன்னது. அந்த மனத்தை எனக்கு இப்போது தெரியும். இலக்கத்தின் மேல் கறுப்புப் பட்டை போட்டுவிட்டு முதலிலிருந்து மீண்டும் பார்த்தேன்.

கிடைத்தது. வேகமாக வருகிறவனுக்கு முன்னால் வலது கையை ஒரு கணம் முந்தி நீட்டிவிடுகிறான். அந்தக் கையைத் தட்டிவிட்டால் ஆள் பாதி திரும்பிவிடுவான், வழி திறக்கும்.

எழுதாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிய வராது.

எழுதிக் கொடுத்தேன். ஒன்பது துண்டு, சாட்சியோடு.

செப்ரெம்பர் 20, சனி

மதிய ஆட்டம். மேலே வீடியோ அறையில் மற்றவர்களோடு நானும் வின்சன்றும்.

முதற்பாதியில் இரண்டு தரம் எங்கள் ஆள் கிளிபோட்டின் வலது கையைத் தட்டிவிட்டு உள்ளே போய், பந்து எறிகிறவனை விழுத்தினான். நான் எழுதிக் கொடுத்தபடியே. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது தரம் கிளிபோட் முழங்காலில் எழும்பித் தன் கையைப் பார்த்தான். கையுறையைக் கழற்றித் திரும்பப் போட்டான்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஆள் மறுபடி வந்தான், கையைத் தட்ட ஓங்கினான். அங்கே கை இல்லை. கிளிபோட் இரண்டு கையையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் ஆள் காற்றைத் தட்டிவிட்டு முகம் குப்புற விழுந்தான். அடுத்த தரமும். அதற்கடுத்த தரமும். ஆட்டம் முடியும்வரை அந்தப் பக்கத்தால் ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆறு புள்ளியால் தோற்றோம்.

அறை வெறுமையான பிறகு வின்சன்ற் எழும்பவில்லை. திரையைக் காட்டினார். "அதைத் திருப்பிப் போடு. கையை உள்ளே வைத்தது."

போட்டேன். மூன்று தரம் பார்த்தார்.

நாலாவது தரம் அவர் கேட்கவில்லை. நானே போட்டேன்.