அரை மணி நேரம் விடாமல் பிடித்த பலூன்

சிங்கப்பூர்
17-1-1982

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த இங்கிலாந்துக் குளிரில் நீயும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கணக்குப் பரீட்சையில் தவறிவிட்டேன், ஜூனில் மறுபடி எழுதலாம் என்கிறார்கள், எனக்குத் தெம்பில்லை, ஈஸ்டருக்குள் திரும்பி வந்து ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறேன், வானிலைப் படிப்புக்கு நான் லாயக்கில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து அம்மா கண்ணைத் துடைத்தபடி இருக்கிறாள். "புள்ள அங்க தனியா கெடந்து அழுவுது, வரச் சொல்லிடுங்க" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுகிறாள். நான் வாயே திறக்கவில்லை. ஆபீசில் என் தலைக்கு மேல் ஒரு வம்பு தொங்கிக்கொண்டிருந்தது, அது முடியட்டும் என்று பார்த்தேன். முந்தாநாள் முடிந்தது. அதை முதலில் படி, டிக்கெட்டைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

புத்தாண்டிலிருந்து இங்கே எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ளிவைத்துவிட்டார்கள், பேப்பரில் நீயும் பார்த்திருப்பாய். இத்தனை வருஷமாகக் காலை ஏழு மணிக்கு மேல்காற்றை அளக்க நாங்கள் பலூன் விடுவது உனக்குத் தெரியும். புத்தாண்டு அன்றைக்கு எனக்கும் ரவூபுக்கும் டியூட்டி. ரவூப் வாயு நிரப்பினான், நான் கருவிப் பெட்டியைக் கட்டி பலூனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். புதிதாக வந்திருக்கும் ஆபீசர் பாலகிருஷ்ணன், நல்ல பையன்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "ஏழாயிடுச்சு லா அங்கிள், விடுங்க" என்றார். இன்று முதல் எல்லா வேலையும் புது நேரப்படி என்று சுற்றறிக்கை வேறு கையில் வைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நம் கடிகாரத்தைத் தள்ளினால் பலூனுக்குக் கணக்கு வைக்கிற கிரீன்விச் கடிகாரமும் சேர்ந்தா தள்ளிப்போகும்? பழைய ஏழு என்றால் புது ஏழரை அல்லவா? போன வருஷம் நீ எழுதினாயே, உலகம் பூராவும் ஒரே நேரத்தில் பலூன் விடுவது காற்று முழுவதையும் சேர்த்து ஒரு குரூப் போட்டோ எடுக்கிற மாதிரி, ஒருத்தர் முந்தி அசைந்தாலும் படம் கெட்டுவிடும் அப்பா என்று. அதுதான் மண்டைக்குள் ஓடியது. "விட மாட்டேன் சார், இன்னும் அரை மணி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆர்டர் என்றார், எழுதிக் கொடுப்பேன் என்றார். எழுதுங்க சார் என்றேன். ஆளை இழுக்கிற பலூனை அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன், கை மரத்துப் போய்விட்டது. ரவூப் மட்டும் பக்கத்தில் நின்று "லாசரஸ், பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம்தான்யா இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். சரியாக ஏழரைக்கு விட்டேன்.

அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டார், மேலதிகாரி சொல் கேட்கவில்லை என்று. வேலையே போனாலும் போகும் என்றார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே. அடுத்து வந்த சனிக்கிழமை நொவேனா ஜெபத்துக்கு நானும் வருகிறேன் என்றபோது மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள். முந்தாநாள் வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அரை மணியில் என்னய்யா குடி முழுகிவிடும் என்று அவர் கேட்டார். உன் கடிதங்களை நினைத்துக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷும் மலாயும் கலந்து சொல்லிக்கொண்டே போனேன். நாம் இழுக்கிற மூச்சில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன், நம் உடம்பு அதை அப்படியே திருப்பி விட்டுவிடுகிறது, ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன்தான் ஆளைப் பிழைக்க வைக்கிறது. மழை மேகமெல்லாம் காற்றின் அடி அடுக்கில். அந்த அடுக்கு நமக்கு மேலே பதினேழு கிலோமீட்டர் உயரம், என் மகள் இருக்கிற பக்கம் பத்து பதினொன்றுதான். அதனால் வெயில் ஊரான நமக்கு மேலேதான் அடுக்கின் உச்சியில் குளிர் அதிகம், மைனஸ் எண்பது வரைக்கும் இறங்கும், ரப்பர் விறைத்துப் பல பலூன் அங்கேயே வெடிக்கும். அதைத் தாண்டினால் ஓசோன் வெயிலைப் பிடித்துக்கொள்வதால் மறுபடி சூடு ஏறும். இத்தனையும் ஒரு இடத்தில் நிற்கிறதில்லை சார், ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எல்லா ஊரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். பாலகிருஷ்ணன் குனிந்துகொண்டார்.

பெரிய ஆபீசர் சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்தார், பலூனைப் பற்றித் தனியாக எழுத மறந்தது எங்கள் தப்பு என்று ஒத்துக்கொண்டார். பாலகிருஷ்ணனும் வெளியே வந்து கையைப் பிடித்து "சாரி அங்கிள்" என்றார், ஒன்றும் மனதில் வைக்காதீர்கள் என்று சொல்லி கோப்பி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. ஆறாம் வகுப்போடு நின்ற ஆளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று பெரிய ஆபீசர் கேட்டார். என் மகள் உர்சுலா, லண்டன் பக்கம் இதையேதான் படிக்கிறாள், கடிதத்தில் எழுதுவாள் என்றேன். அவர் பேனாவை எடுத்து, எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டு, என் ஃபைலில் உன் பெயரை எழுதினார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அந்த ஃபைலில் லீவுச் சீட்டைத் தவிர ஒன்றும் ஏறியதில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் மகளே, பெருமை தாங்கவில்லை.

ஒரு பரீட்சையில் தவறினால் படிப்பு வராது என்று உனக்கு யார் சொன்னது? நீ புரிய வைத்துத்தான் உன் அப்பன் இன்றைக்கு வேலையில் இருக்கிறான். வீட்டுக் கதவு உனக்கு எப்போதும் திறந்திருக்கும், ஆசைப்பட்டு வா, தோற்றுப்போனேன் என்று மட்டும் வராதே. ஜூனில் எழுது. மறுபடி தவறினால் மறுபடி எழுது, நான் இருக்கிறேன்.

சிராங்கூன் ரோட்டில் மிளகாய்த்தூள் அரைத்து அம்மா பார்சல் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது, அழுதேன் என்று எழுதாதே. காலுறை இரண்டு போட்டுக்கொள். மாதாவும் சூசையப்பரும் உனக்குத் துணை நிற்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் உன் தலைமேல் என்றும் இருக்கும். இங்கே இரண்டு நாளாக என்னை யாரும் லாசரஸ் என்று கூப்பிடுவதில்லை, ஆபீசில் எனக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அதையே கையெழுத்தாகப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உர்சுலாவின் அப்பா