‘வ்’ இல்லாத முகவரி

ஏற்காடு
10.2.2025

அன்புள்ள மலருக்கு,

பானு எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நான் மட்டும்தான் சுகமில்லை. காரணம் நீதான்.

என் நம்பரை நீ பிளாக் செய்து பத்து நாள் ஆகிறது. நேற்று பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் பழக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாய், என்னமோ பழம் வாங்க வந்தவள் மாதிரி. அந்தக் கடைக்குப் பழம் போடுவதே உன் வீட்டுக்காரர்தானே, அடி பைத்தியக்காரி! போனும் இல்லை, முகமும் இல்லை என்றால் நான் எப்படித்தான் பேசுவது? நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த வாரம் நீ என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாய். உங்கள் மகளிர் குழு விற்கிற காப்பிப் பொடிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும் என்றாய். நீ கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் வெப்சைட் முகவரியைத் தட்டினேன். நாலு சிங்கம் போட்ட பக்கம் வந்தது. உன் கண் முன்னால்தான் பெயர், ஆதார் எல்லாம் ஏற்றிப் பணம் கட்டினேன். பத்து நாளில் சான்றிதழ் வரும் என்று போட்டிருந்தார்கள். வரவில்லை. ‘விரைவுக் கட்டணம்’ என்று இன்னும் ஆயிரத்து எண்ணூறு கேட்டு மெயில்தான் வந்தது. அதை உனக்குச் சொன்ன அன்றைக்கே நீ என்னைத் தள்ளி வைத்துவிட்டாய்.

இப்போது உங்கள் ஊரில், பானு குழுப் பணத்தைத் தின்றுவிட்டாள் என்று பேச்சு. வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். மலர், அந்தப் பணத்தில் ஒரு பைசா என் கைக்கு வரவில்லை. இருபது வருஷப் பழக்கத்துக்கு அந்த அளவு நம்பிக்கைகூட இல்லையா? பணம் கட்டிய ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு நாலு வரியாவது எழுது.

அன்புடன்,
பானு

*

செம்மநத்தம்
16.2.2025

பானு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

நாங்கள் சுகம். மிளகு காயப் போட்டிருக்கிறோம், வெயில் பரவாயில்லை. அதற்கு மேல் சொல்ல நல்ல சேதி எதுவும் இல்லை.

குழுக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள். நாங்கள் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தோம். பழனியம்மாள் அக்காதான் ஆரம்பித்தார். “ஏங் கண்ணு மலரு, எங்க நாத்தனா மக சேலத்துல முறுக்கு சுட்டு விக்கறா. அவ இதே பதிவ வருசத்துக்கு நூறு ரூவாய்க்கு வாங்கிப்போட்டாளாமா. நமக்கு மட்டும் ஏஞ் சாமி அஞ்சாயிரத்துக்கு மேல போச்சு?” என்று கேட்டார். ஆராயி அக்கா சிரித்துக்கொண்டே, “உனக்குப் பாதி, உஞ் சிநேகிதிக்குப் பாதியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

ஒன்பது வருஷமாக நான் இந்தக் குழுவுக்குத் தலைவி. பத்தாவது வரைக்கும் படித்தவள் நான் ஒருத்திதான், அதனால்தான் தலைவி. ஒரு நாளும் என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. மார்ச் மாதக் கூட்டத்துக்குள் விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். “நீ நொம்ப நல்லவதான் கண்ணு, ஆனா காசு அல்லாரு காசுமாச்சே” என்றார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ரிசார்ட் சமையலுக்குச் சாமான் வாங்குகிற ஜெப்சன் சார் மாதம் இருபது கிலோ பொடி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கவர் மேல் பதிவு நம்பர் அச்சடித்திருக்க வேண்டும். மார்ச் முடியும்வரை பார்ப்பாராம், பிறகு வேறு இடத்தில் வாங்கிக்கொள்வாராம். இருபது கிலோ என்றால் எங்களுக்கு என்ன என்று உனக்குத் தெரியும்.

நூறு ரூபாய் வேலைக்கு இவ்வளவு எப்படி ஆனது? அதை மட்டும் சொல்.

மலர்

*

ஏற்காடு
20.2.2025

அன்புள்ள மலருக்கு,

கேட்டாய் அல்லவா, கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு நாளாகக் கடையில் வேறு வேலையே பார்க்கவில்லை.

நாம் பணம் கட்டியது சர்க்கார் பக்கமே இல்லை. சர்க்கார் முகவரி என்றால் கடைசியில் ஜி, ஓ, வி என்று வந்து, அதற்குப் பிறகு இன் என்று முடிய வேண்டும். நான் தட்டியது சி, ஓ. யாரோ தனியார் ஆட்கள் அதே மாதிரி பெயர் வைத்து, சிங்கம் போட்டு, மூவர்ணம் பூசிக் கடை விரித்திருக்கிறார்கள். பக்கத்தின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ‘நாங்கள் தனியார் ஆலோசனை நிறுவனம், அரசோடு தொடர்பு இல்லை’ என்றும் போட்டிருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லித்தானே இருந்தோம் என்று சொல்லத்தான் அது. சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். பணம் திரும்ப வரும் என்று நம்பிக்கை இல்லை.

சரி, நான் ஏன் சி, ஓ என்று தட்டினேன்? கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய சீட்டுகளை எல்லாம் உருவிப் பார்த்தேன். உன் சீட்டு கிடைத்தது. உன் கையெழுத்தில், தமிழில், ‘டாட் கோ டாட் இன்’ என்று இருக்கிறது. முன்னால் உள்ள எழுத்துகள் எல்லாம் சரி. கடைசியில் ‘கோவ்’ என்று இருக்க வேண்டியது ‘கோ’ என்று இருக்கிறது. ஒரு ‘வ்’ இல்லை. தமிழில் ‘கோ’ என்று எழுதினால் அது எந்தக் கோ என்று எனக்கு எப்படித் தெரியும்? வழக்கமாகப் பார்க்கிற மாதிரி சி, ஓ போட்டுவிட்டேன்.

ஆகவே தப்பு என் கம்ப்யூட்டரில் இல்லை, உன் சீட்டில். அதன் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். கூட்டத்தில் காட்டு. என்னைத் திருடி என்று சொன்னவர்கள் வாயை மூடட்டும்.

அன்புடன்,
பானு

*

செம்மநத்தம்
27.2.2025

பானு,

சீட்டு என்னுடையதுதான். சேலத்தில் நடந்த பயிற்சியில் மைக்கில் ஒருவர் முகவரி சொன்னார். மைக் கரகரவென்றது. ‘கோவ்’ என்றாரோ ‘கோ’ என்றாரோ, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டேன். ‘வ்’ என்று ஒரு சத்தம் வந்த மாதிரிதான் இருந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

குழுவில் யாரிடமும் இன்னும் அதைக் காட்டவில்லை. ஏன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நாலெழுத்துத் தெரிந்தவள் என்றுதான் என்னை முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த நாலெழுத்திலேயே ஒன்றை விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் உன்னிடம் சீட்டை மட்டுமா கொடுத்தேன்? வேலையையே கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது என்று ஆறாவதிலிருந்து உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் நீ. “ஏன்டி, இது எந்தக் கோ?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் பக்கத்து ஸ்டூலில்தானே இருந்தேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ்தான் வராது, எண் வரும். நீ அனுப்பிய ரசீதில் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் என்று இருக்கிறது. நான் உன் கையில் கொடுத்தது ஐந்தாயிரத்து முன்னூற்றுத் தொண்ணூறு. மீதி நானூற்றுத் தொண்ணூறு எங்கே போனது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீ ‘ஒரு பைசா என் கைக்கு வரவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன்.

பதில் எழுத இஷ்டமில்லை என்றால் விட்டுவிடு.

மலர்

*

ஏற்காடு
6.3.2025

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அந்த நானூற்றுத் தொண்ணூறை நான்தான் எடுத்துக்கொண்டேன். ஆன்லைனில் கட்டுகிற தொகையில் நூற்றுக்குப் பத்து என் கூலி. மற்ற கடைகளில் ஒரு விண்ணப்பத்துக்கு ஐம்பது, நூறு என்று வாங்குவார்கள். என் வீட்டுக்காரர்தான் பத்து சதவீதம் என்று ஆரம்பித்தார், நானும் சரி என்றேன். கரன்ட் பில் கட்டினால் சில்லறை வரும், பெரிய தொகை கட்டினால் பெரிதாக வரும்.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். பணம் கட்டும் பக்கம் வந்தபோது நாலாயிரத்துத் தொள்ளாயிரம் என்று பார்த்ததும், சர்க்காருக்கா இவ்வளவு என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. உண்மையாக வந்தது மலர். இரண்டு டூரிஸ்ட் பார்ட்டி ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைச் சாக்கு வைத்துச் சொல்ல மாட்டேன். பத்து சதவீதம் என் மனசில் ஓடியது. நூறு ரூபாய் வேலை என்றால் எனக்குப் பத்து ரூபாய், இது என்றால் ஐநூறு. உன்னிடம் கேட்காமல் கிளிக் செய்துவிட்டேன். சீட்டில் ‘வ்’ இல்லாதது உன் தப்பு. கேட்காதது என் தப்பு. உன் தப்பு காதால் வந்தது, என் தப்பு ஆசையால் வந்தது. போன கடிதத்தில் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டியதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கேவலம் இதோடும் நிற்கவில்லை. அந்த முகவரியை என் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தேன். உனக்குப் பிறகு குப்பனூர் தேவசிகாமணி அண்ணன் கடலை மிட்டாய்க்குப் பதிவு கேட்டு வந்தார். அவருக்கும் அதிலேயே கட்டினேன். நேற்று பஸ் ஏறிப் போய் அவரிடம் சொல்லிவிட்டு, என் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். “பரவால்லம்மணி, சொல்லோணும்னு வந்தீங்களே” என்றார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் நானூற்றுத் தொண்ணூறை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். சரியான இடத்தில் புதிதாக விண்ணப்பம் போட்டுத் தருகிறேன், கூலி எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படிக்க வேண்டும் என்றால் முழுசாகப் படி. நடுவில் எதையும் விடாதே.

உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பானு

*

செம்மநத்தம்
23.3.2025

அன்புள்ள பானு,

நேற்று கூட்டம் நடந்தது. அதனால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை. உனக்கு ஒரு பதில், கூட்டத்தில் ஒரு பதில் என்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

முதலில் என் சீட்டைக் காட்டினேன். எந்தக் கோ, எந்த வ் என்று விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. “காதுல உழுந்தத எழுதுன, அவ்வளவுதானே” என்றார் ஆராயி அக்கா. இதற்குப் போய் ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். பிறகு உன் கடிதத்தை முழுசாகப் படித்தேன். நடுவில் பழனியம்மாள் அக்கா தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு மீதியையும் படித்தேன்.

படித்து முடித்ததும் பழனியம்மாள் அக்கா, “திருடி இப்பிடி எழுத மாட்டா. ஆனா ஆச வந்த கையி, மறுக்கா வராதுன்னு எப்பிடி நம்பறது?” என்றார்.

பதிவு நம்பர் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. அந்த வேலையை உன்னிடம் கொடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நானும் ஆராயி அக்காவும் சேலம் போய், சர்க்காரின் இ-சேவை மையத்தில் போட்டோம். கட்டணம் நூறு ரூபாய், மையத்துக்குத் தனியாகக் கொஞ்சம். அந்தப் பெண்ணைத் திரையைத் திருப்பச் சொல்லி, ஜி, ஓ, வி மூன்றையும் நானே விரல் வைத்துப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். ஜெப்சன் சார் முதல் இருபது கிலோவை எடுத்துக்கொண்டார். தலைவியாக என்னையே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் எதற்குப் பணம் கட்டினாலும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும் என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

இனி வருவதை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். கூட்டம் முடிகிற சமயத்தில் ஆராயி அக்கா, “இனிமே குழு வேல எதும் பானு கடைக்குப் போவக் கூடாது. ஒத்துக்கறவிய கை தூக்குங்க” என்றார். பத்துக் கை எழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தூக்கினேன்.

கோபத்தில் தூக்கவில்லை. கோபம் உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே போய்விட்டது. கோபம் இருந்திருந்தால் தூக்குவது சுலபமாக இருந்திருக்கும். பதினோரு பேர் காசு பானு. உன் மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்கு அதைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை.

என் மனசில் இருப்பதையும் சொல்கிறேன். உன்னை விட்டால் எனக்கு இந்த மலையில் வேறு சிநேகிதி இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருவேன். கடைக்கு வர மாட்டேன், நேராக உன் வீட்டுக்கு வருவேன். மதியச் சோறு அங்கேதான். கை தூக்கியவளுக்கு ஏன் சோறு போட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கதவைச் சாத்திக்கொள். தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன். மனசில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன்,
மலர்