சந்திரப் பூதத்தின் அலறல்

அரியலூர்,
12.8.1984

அன்புத் தம்பி கொளஞ்சியப்பனுக்கு உன் அக்கா அம்சவள்ளி எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம், மழைதான் இல்லை. மெட்ராஸில் நீயும் புஷ்பவல்லியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புஷ்பவல்லிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? கொள்ளுக் கஞ்சி வைத்துக் குடிக்கச் சொல்.

உன் கடிதம் வந்தது. நீ எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறதே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறித்தான் பிரித்தேன். பார்த்தால் சினிமா.

சந்திரப் பூதத்தை மறுபடியும் எடுக்கப் போகிறாயாம். முதல் படம் ஓடியது, அடுத்த இரண்டும் படுத்துவிட்டன, அதனால் இந்தத் தடவை வேருக்கே திரும்பப் போகிறாயாம். சந்திரன் என்று காட்டிய அதே சுண்ணாம்புக்கல் பள்ளம், அதே புகை, அதே பூதம். படம் படுத்த காரணம் எனக்கும் தெரியும். இரண்டாவது படத்தில் பூதத்தைப் பம்பாய்க்குக் கூட்டிப்போய் ஆடவிட்டாய். மூன்றாவதில் அதற்குக் கல்யாணம் செய்துவைத்தாய். பெரம்பலூர் கொட்டகையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்தால் அப்புறம் என்ன படம்? நீ சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த வேர் எது என்பதை மறந்துவிட்டு எழுதினாயா, ஞாபகம் வைத்துக்கொண்டே எழுதினாயா?

நான் மறக்கவில்லை. சந்திரனில் புகை வேண்டும் என்றாய். சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்த உன் மாமா, சுட்ட கல்லுல தண்ணி ஊத்துனா குபுகுபுன்னு பொகையும் மாப்ள என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கே பூத வேஷம் கட்டினாய். காளவாய் ஆட்கள் முகத்தில் விளக்கெண்ணெய் பூசாமல் சுட்ட கல்லிடம் போகமாட்டார்கள். எண்ணெய் இருந்தால் சாயம் ஒட்டாது என்று உன் மேக்கப்காரர் துடைத்துவிட்டார். உன் மாமா கால் இடறி, கொதிக்கிற சுண்ணாம்பில் குப்புற விழுந்து அலறினார். சோற்றுத் தூக்கோடு பள்ளத்து மேட்டில் நின்று நான் பார்த்தேன். தூக்க ஓடிய இரண்டு பேரை நீ கையைப் பிடித்து நிறுத்தினாய். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் இன்றைக்கும் விசிலடிப்பது அந்த அலறலுக்குத்தான்.

கண் இரண்டும் போன பிறகு அவர் அதை நடிப்பு என்று சொல்ல ஆரம்பித்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கொளஞ்சி சொல்லிக்குடுத்த மாதிரிதான் விழுந்தேன், கண்ணு போனது அப்புறம் வந்த சீக்கு என்கிறார். போஸ்டரில் பெயர்கூடப் போடாத மனுஷன். அந்தப் பேச்சில்தான் அவர் பொழுது போகிறது. நானும் மறுத்துப் பேசவில்லை.

உன் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது மேக்கப்பே வேண்டாம், மாமா முகமே போதும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை விழுங்கிவிட்டேன். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். உனக்குக் கை கூசவில்லையா? ஆனால் அந்த அலறல் அப்படியே வேண்டும் என்ற வரி என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆளை வரவழைத்துச் சவரம் செய்துகொண்டார். அன்றிலிருந்து கொல்லையில் நின்று அலறிப் பழகுகிறார். வரவில்லை. ஆடு கத்துகிற மாதிரி வருகிறது. அடுத்த வீட்டுத் தனம் ஓடிவந்து, அண்ணனுக்கு வயித்து வலியாக்கா என்று கேட்டாள்.

நேற்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். காளவாய்ல சொல்லிக் கொஞ்சம் சுட்ட கல்லு வாங்கியாந்து வையி, ஈரக் கையில கொஞ்சம் பட்டாப் போதும், சத்தம் தானா வந்துரும் என்றார். அவருக்கு எல்லாம் தெரியும், தம்பி. இத்தனை வருஷமாகத் தெரிந்துகொண்டேதான் நடிப்பு என்று சொல்லியிருக்கிறார்.

நான் வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். வர வேண்டாம் என்று நீ எழுதினாலும் மனுஷன் ஒடிந்துபோவார். கண் போனதிலிருந்து அவரை ஒரு வேலைக்குக் கூப்பிட்டவன் நீ ஒருத்தன்தான். அதனால் வேறொன்று கேட்கிறேன். சந்திரனில் காற்றே கிடையாது என்று ராசாங்கம் வாத்தியார் சொன்னார். காற்று இல்லாத இடத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காதாம். அதை அவருக்கு எழுது. இந்தத் தடவை விஞ்ஞானப்படி எடுக்கிறோம் மாமா, பூதம் வாயைத் திறக்கும், சத்தம் வராது, நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்று உன் கையால் எழுது. நான் படித்தால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். தனத்தின் மகன் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

தாமதிக்காதே. இன்று காலை அவர் கம்பைத் தட்டிக்கொண்டு காளவாய்ப் பக்கம் தனியாகக் கிளம்பிவிட்டார். பாதி வழியில் போய்ப் பிடித்து அழைத்துவந்தேன். நாளைக்கும் போவார்.

உன் படம் நூறு நாள் ஓடட்டும். உன் பிள்ளைகளின் கண்ணுக்கு என்றைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். சாபம் என்று நினைத்துவிடாதே தம்பி, ஆசீர்வாதமாகத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா,
அம்சவள்ளி