மாலையோடு போன மாப்பிள்ளை

அன்பு மகள் மலர்விழிக்கு,

பத்துமலை முருகன் தயவுல இங்க அப்பாவும் நானும் சுகம், அந்த டப்ளின் குளிர்ல உனக்குச் சளி இருமல் ஒண்ணும் அண்டாம இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். ஆஸ்பத்திரி நர்ஸுங்க யூனியனுக்கு உன்னையே செயலாளரா தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு நேத்து நீ போன்ல சொன்னதும், அப்பா பிரிக்பீல்ட்ஸ் கடையில லட்டு வாங்கி ஃபிளாட் முழுக்கக் கொடுத்துட்டாரு, மேல் மாடி ஆயிஷா ஆன்டி வீட்டுக்கு மறந்துபோய் ரெண்டு தடவை போயிருக்காரு. ஆனா நீ கடைசியில, பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி எப்படிம்மா வாயத் திறப்பேன்னு கேட்டியே, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

உன் கொள்ளுத்தாத்தா அய்யாவு, என் அப்பாவோட அப்பா, கிள்ளான் துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு. ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தியே அங்க சங்கம் கட்டி, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடத்துனாரு. அசைஞ்சே கொடுக்காத வெள்ளைக்காரத் துரை, இவரு கல்யாணத்தன்னிக்கு முகூர்த்த நேரம் பாத்து, இப்ப வந்தா பேசலாம், இல்லன்னா கிடையாதுன்னு ஆள் அனுப்பினான். மாப்பிள்ளை கோயில் மணவறையிலேர்ந்து கழுத்து மாலையோட எழுந்து போயிட்டாரு. பொண்ணு வீட்டுல ஒரே கூச்சல். துரை இவரப் பாத்துச் சிரிச்சானாம், இவரு அசராம பேசிச் சம்மதிக்க வெச்சுக் கோயிலுக்கு ஓடி வந்தாரு. தாலி கட்டக் குனிஞ்சா, அதே துறைமுகத்துல சாக்கு தைக்கிற பொண்ணு பஞ்சவர்ணம், அதான் உன் கொள்ளுப்பாட்டி, தலைய நிமித்தி, பொம்பளைங்க கூலியும் அதுல சேந்திருக்கான்னு கேட்டாங்களாம். இல்லையேன்னாரு இவரு. அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க, நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்னாங்களாம். மறுபடி ஓடினாரு, இந்தத் தடவை கல்யாணத்துக்கு வந்த பொம்பளைங்க எல்லாம் லோரியில ஏறிப் பின்னாடியே போயிட்டாங்க. அந்தக் கூட்டத்தப் பாத்து துரைக்குச் சிரிப்பு வரல. விளக்கு வெக்கிற நேரத்துலதான் தாலி ஏறுச்சு.

அப்புறம் சங்கம் நடத்துனதுக்காகவே வேலை போச்சு, கொஞ்ச காலம் ஜெயில்லயும் இருந்தாரு, அந்தம்மா சாக்கு தைச்சே வீட்ட நடத்துனாங்க. ஜப்பான் சண்டை முடிஞ்சு நகரமன்றத் தேர்தல் வந்தப்ப ஜெயிச்சு, அவங்க குடியிருந்த கம்பத்து வீடுகளுக்குத் தண்ணிக் குழாய் கொண்டு வந்தாரு. முதல் குடத்த அந்தம்மா பிடிக்க, இவரு தோள்ல வெச்சு வீடு வரைக்கும் தூக்கிட்டு நடந்தாராம், ஊரே கைதட்டுச்சாம்.

இன்னொண்ணு சொல்லணும். நான் கூட்டிப் பெருக்குற ஸ்கூல்ல காண்ட்ராக்ட் ஆளுங்களுக்குச் சங்கம் ஆரம்பிக்க ரொம்ப நாளா கூப்பிடுறாங்க, எனக்கு என்னலா தெரியும்னு நழுவிக்கிட்டே இருந்தேன். இன்னிக்குக் காலையில போய்ப் பேர் கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை முதல் கூட்டம், என்னைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க.

நல்ல வாக்கும் நீண்ட ஆயுசும் உனக்குக் கூடவே இருக்கட்டும். நைட் டியூட்டி முடிஞ்சு சாப்பிடாம படுத்துடாத. ஞாயித்துக்கிழமைக்குள்ள மறக்காம கூப்பிடு, மைக்கு முன்னாடி முதல்ல என்ன சொல்லணும்னு நீதான் எனக்குச் சொல்லித் தரணும்.

ஆசையுடன் உன் அம்மா,
கமலவேணி சுகுமாறன்