பின் இடது சக்கரத்தில் பூச்சியம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை அடித்துத் தருகிற கடிதம் இது. இங்கே நானும் அம்மாவும் தங்கையும் உன் காரும் சௌக்கியம், அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்களோ தெரியவில்லை, போன வாரம் எழுதியதில் ஆபீசைப் பற்றி அவ்வளவு எழுதியவன் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்று அம்மாவுக்குக் குறை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு ஏறுகிறாள், இந்த மாடி வீட்டை நான்தான் பிடித்தேன் என்பதால். தங்கை கணக்கில் மறுபடியும் கோட்டை விட்டிருக்கிறாள், இதை அடிக்கும்போது அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும். டிப்போவுக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறார், உன் வயதுகூட இருக்காது, இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டின எனக்குக் கண்ணாடியை எப்படித் திருப்பி வைப்பது என்று வகுப்பு எடுத்தார், நானும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன், மேலிடம் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

உன் காரை நீ சொன்னபடியே வாரம் ஒரு தடவை கிளப்பி, பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே உறும விட்டு அணைத்துவிடுகிறேன். அம்மா அதற்கு மருமகள் என்று பெயர் வைத்திருக்கிறாள், வந்து எட்டு மாசமாக ஒரு வேலையும் செய்யாமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதாம், குளிப்பாட்டுவதும் நாம்தானாம். நடுவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது, சக்கரத்தில் காற்று இல்லை என்று அர்த்தமாம். நான் இரும்புக் கம்பியை எடுத்து நாலு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தேன், டிப்போவில் தினமும் செய்கிற வேலைதான், நாலும் கல் மாதிரிச் சத்தம் கொடுத்தது. கெட்டுப்போனது விளக்குதான். கண்ணை உறுத்தியதால் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன், இப்போது தொந்தரவு இல்லை. ஆனால் ஒன்று, ஸ்டெப்னி எங்கே என்று பின்பக்கம் திறந்தால் எஞ்சின் இருக்கிறது, முன்பக்கம் திறந்தால் ஒரு தலையணை வைக்கிற பள்ளம்தான் இருக்கிறது, ஜாக்கியும் இல்லை. இப்படி ஒரு வண்டியை எங்கள் டிப்போவில் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். நாளைக்கு அம்மாவைப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, எந்த வண்டியில் என்று இன்னும் முடிவாகவில்லை.

அண்ணா, இனி எழுதுவது நான். அப்பா தூங்கிவிட்டார், அம்மாவும் தூங்கிவிட்டாள், நான் சமையலறையில் விளக்குப் போடாமல் அப்பாவின் போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை இப்போது அனுப்பக் கூடாது, காலையில் கிளம்பின பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நீ படிக்கிறபோது அவர்கள் மலைப்பாதையில் பாதி தூரம் போயிருப்பார்கள், நீ கத்தினாலும் போனில் சிக்னல் கிடைக்காது, அதுதான் திட்டம். எந்த வண்டி என்று முடிவாகவில்லை என்பதெல்லாம் சும்மா. உன் கார்தான். போர்வையை எடுத்துத் துடைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார்.

வாரம் ஒரு தடவை கிளப்புகிறார் என்பதும் அப்படித்தான். ஒரு வாரமாகத் தினமும் அதில்தான் டிப்போவுக்குப் போகிறார். இறங்கி, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஏறுகிறார். கண்டக்டர்கள் எல்லாரும் முதலாளி என்று கூப்பிடுகிறார்களாம், அதைக் கோபமாகச் சொல்வது போலத்தான் வந்து சொல்கிறார். அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் சாவியைப் போட்டு, டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிற திரையில் நாலு சக்கரமும் படம் போட்டிருக்கிறது, மூன்றில் முப்பத்துச் சொச்சம் என்று இருக்கிறது, பின் இடது சக்கரத்தில் பூச்சியம். போய்ச் சொன்னேன். அது என் கணக்குப் பரீட்சை மார்க்காக இருக்கும் என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் கீழே குனிந்து பார்த்தேன் அண்ணா. அந்தச் சக்கரத்தில் ஒரு திருகாணி ஏறியிருக்கிறது, தலை மட்டும் தெரிகிறது. ஓரத்தில் ரப்பர் விரிசல் விட்டிருக்கிறது, நகம் உள்ளே போகிறது. வண்டி வந்து நின்றதும் அந்தப் பக்கம் மட்டும் கருகின வாடை. ஆனால் எட்ட நின்று பார்த்தால் மற்ற மூன்றும் எப்படியோ அப்படித்தான் இதுவும் நிமிர்ந்து நிற்கிறது. நீ வண்டி வாங்கி வந்த அன்றைக்கு எங்கள் எல்லாரையும் சுற்றி நிற்கவைத்துச் சொன்னாயே, சக்கரத்தின் ஓரத்தைக் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள், காற்றே இல்லாவிட்டாலும் உட்காராது, ஓடும் என்று. அதில் ஓடும் என்ற வார்த்தை அப்பா மனசில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. எண்பது கிலோமீட்டர்தான் ஓடும், எண்பது வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அப்புறம் சக்கரத்தையே மாற்றியாக வேண்டும் என்று நீ அடுத்துச் சொன்னபோது அவர் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிப்போவுக்குப் போய் வந்ததிலேயே எண்பது என்றைக்கோ தாண்டிவிட்டது. பெரியம்மா வீடு அதைப்போல இரண்டு மடங்கு, அதில் பாதி மலை. நான் கேட்டால் காற்று இறங்கவில்லை என்கிறார், அப்படியே இறங்கியிருந்தாலும் காற்றில்லாமல் ஓடும் என்று உன் அண்ணன்தானே சொன்னான் என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். உங்கப்பா ஓட்டினால் சக்கரமே இல்லாவிட்டாலும் வண்டி போகும், போய்ப் படி என்றாள். எனக்கு நாளைக்குப் பரீட்சை, அதுவும் கணக்கு. அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், இல்லாவிட்டால் நானும் ஏறிக்கொண்டு வாந்தி வருகிறது என்று சொல்லியாவது வழியில் நிறுத்தியிருப்பேன்.

சாவியை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தேன். சட்டையோடு படுத்திருக்கிறார். அதனால் நீதான் பேச வேண்டும். அவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்புகிறார்கள், அதற்கு முன்னால் கூப்பிடு, அங்கே அப்போது சாயங்காலம்தானே. ஆனால் சக்கரத்தைப் பற்றிப் பேசாதே. பேசினால் உனக்கும் கம்பியால் தட்டின கதையைச் சொல்வார், நீயும் கத்துவாய், அவர் வேண்டுமென்றே ஏறிப் போவார். நான் சொன்னேன் என்றும் சொல்லாதே. கார் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, இந்த மாடல் வண்டியை அவர்கள் ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் வெளியே எடுக்கக் கூடாது என்று சொல். மகன் சொன்னால் கேட்க மாட்டார், மேலிடம் சொன்னால் கேட்பார். மேனேஜர் கண்ணாடி வகுப்புக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். பொய்தான், எனக்குத் தெரியும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அண்ணா, அப்பா உத்தரவை மீறி இதை இப்போதே அனுப்பிவிடப் போகிறேன்.

இதற்குக் கீழே இருப்பது அப்பா அடித்தது. தண்ணீர் கொண்டுவா என்று என்னை அனுப்பிவிட்டுத் தானே ஒரு விரலால் அடித்திருக்கிறார். நான் இன்னும் படிக்கவில்லை, ஒன்றையும் மாற்றாமல் விடுகிறேன்.

தம்பி மேலே எழுதியதில் மழுப்பிவிட்டேன் உன் காரில்தான் போகிறோம் கோபிக்காதே. கல்யாணம் ஆனதிலிருந்து அம்மா என் பஸ்ஸில் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள் எப்போதும் டிக்கெட் எடுத்துக்கொண்டு பின்னால் பெண்கள் சீட்டில்தான். ஓட்டுகிறபோது என் பின்மண்டையைத்தான் பார்த்திருக்கிறாள் ஒரு வார்த்தை பேச முடியாது ஓட்டுநரிடம் பேசாதே என்று மேலே எழுதிப் போட்டிருக்கும். ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரட்டும். வண்டியைக் கண்ணாடி மாதிரித் திருப்பித் தருகிறேன். நீ அங்கே வேகமாக ஓட்டாதே கிளம்புவதற்கு முன் இறங்கி நாலு சக்கரத்தையும் ஒரு தடவை சுற்றிப் பார் வேளைக்குச் சாப்பிடு. முதுகுக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு
அப்பா

அண்ணா, இப்போதுதான் படித்தேன். வண்டியை எடுக்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. ஓட்டுநர் இல்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார்களாம், அங்கிருந்தே காலைக்குள் ஒன்று ஏற்பாடு செய். எந்த வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, அப்பா ஓட்டட்டும், அம்மா முன்னால் உட்காரட்டும்.

தங்கை