எழுவாய் யார்?

உ

கரவெட்டி
10.01.1988

அன்புள்ள மக்டலீன்,

நலம். உமது நலம் அறிய ஆவல். கடிதமும் கருவாட்டுப் பொதியும் செபநாயகம் அண்ணை கொண்டுவந்து தந்தார். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை. பொழுதுபட முன் ஆமிக்காரரின் சென்றிகளைத் தாண்டி வீட்டுக்கு உம்மிடம் வந்து சேர வேண்டும் என்று சையிக்கிளைத் திருப்பிவிட்டார்.

ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் என் பங்கு முக்கால்வாசி முடிந்தது. வாக்கியக் கூறுகளுக்கு நீர் சொன்னபடியே செய்திருக்கிறேன். எழுவாய்க்கு மேலே எஸ், வினைக்கு வி, செயப்படுபொருளுக்கு ஓ, எங்கே எப்போது என்று சொல்லும் பகுதிக்கு ஏ. இடையில் சரிந்த கோடுகள். கிளோஸ் எல்லாம் அடைப்புக்குள்.

பத்தாம் வகுப்புப் பெட்டைகளுக்கு சொற்றொடரான பிறேஸ் எது, உள்வாக்கியமான கிளோஸ் எது என்பது இன்னும் பிடிபடவில்லை. 'மணிக்குப் பிறகு' பிறேஸ்; உள்ளே வினை இல்லை. 'மணி அடித்த பிறகு' கிளோஸ். அதற்குள் மணியும் இருக்கிறது, அது அடிக்கவும் அடிக்கிறது. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் குணலட்சுமி என்ற பிள்ளை எழும்பி, "ரெண்டும் ஒரே நேரம்தானே ரீச்சர், பிறகேன் ரெண்டு பேர்?" என்கிறாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து றோட்டால் இந்தியன் ஆமி லொறிகள் வந்தன. பிள்ளைகள் வாங்குகளுக்குக் கீழே போய்விட்டார்கள். நான் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் அடங்கித் திரும்பினால் கைக்குள் இருந்த சோக்கு மாவாகிக் கிடக்கிறது.

என் அண்ணை தோட்டத்தில் புகையிலைக்கு இறைக்கிறார். உம்மை விசாரித்தார்.

அன்புடன்,
பாலேஸ்

---

சேசு மரி சூசை துணை

குருநகர்
17.01.1988

அன்புள்ள பாலேஸ்,

ஒரு பக்கம் முழுக்க பிறேஸும் கிளோஸும். உமது தலையிடி மாறியதா, சாப்பிடுகிறீரா என்று ஒரு வரி இல்லை. பயிற்சிக் கலாசாலையிலும் இதே குணம்தான் உமக்கு.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதையும். மூன்றாம் பயிற்சியில் 'நேற்று வந்த மனிதர்கள் சையிக்கிளைக் கொண்டுபோனார்கள்' என்று எழுதியிருக்கிறீர். எடுத்துவிடும். இலக்கணம் சரிதான். ஆனால் எந்த மனிதர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்லப் போகிறீர்? 'அவன் காட்டுக்குள் ஓடினான்' என்பதையும் வெட்டும். மாடு, தோட்டம், பள்ளிக்கூடம், மழை. இவை போதும் எங்கள் புத்தகத்துக்கு. நானும் என் கிளோஸ் அதிகாரத்தில் படகுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் பசுக்களை விட்டிருக்கிறேன். கரையூர்க்காரி பசுவைப் பற்றி எழுதுகிறாள் என்று இவர் சிரிக்கிறார்.

கடலுக்குப் போகத் தடை என்றபடியால் இவருக்கு இப்போது கருவாட்டு வியாபாரம்தான். 28ஆம் திகதி வியாழக்கிழமை நெல்லியடிச் சந்தைக்கு வருவார். மிச்சத் தாள்களை அவரிடம் கொடுத்துவிடும். நல்லூரில் அச்சகம் வைத்திருக்கும் நடராசா தாள் வந்துவிட்டது என்று அவசரப்படுத்துகிறார்.

உம்முடைய
மக்டலீன்

---

குருநகர்
30.01.1988

பாலேஸ்,

வியாழன் காலை உங்கள் பக்கம் புறப்பட்டவர் இன்னும் வீடு திரும்பவில்லை. உம்மிடம் வந்தாரா? எத்தனை மணிக்குப் புறப்பட்டார்? எந்தப் பாதையால் போவதாகச் சொன்னார்?

மாமி செபஸ்தியம்மா மாதா படத்துக்கு முன்னால் இருந்து எழும்புகிறா இல்லை. நான் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. மீன்கார லூர்த்தம்மா உங்கள் பக்கம் வருகிறா. அவவிடமே பதில் தாரும்.

மக்டலீன்

---

உ

கரவெட்டி
03.02.1988

அன்புள்ள மக்டலீன்,

இந்தக் கடிதம் கிடைக்க முன்னரே செபநாயகம் அண்ணை உமது முற்றத்தில் நிற்பார். இதை அவரிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். "தங்கச்சி, இனி நான் கடுதாசி எண்டால் தொடமாட்டன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதனால் லூர்த்தம்மாவிடம் தருகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடும்.

சந்திச் சென்றிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முத்துக்குமாரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் அண்ணையிடம் சொன்னார்: "கருவாட்டுக்காரரைப் பிடிச்சு ஆமிக் காம்புக்குக் கொண்டு போட்டாங்கள். கூடைக்குள்ளை ஏதோ தாக்குதல் பிளான் இருந்ததாம்."

பிளான் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. வியாழக்கிழமை நான் கொடுத்துவிட்ட தாள்கள்தான்.

நாங்கள் சொற்களைத்தானே பார்த்துப் பார்த்து வெட்டினோம்? கோடுகளையும் எழுத்துகளையும் யோசிக்கவே இல்லை. 'மணி அடித்த பிறகு பிள்ளைகள் பாலத்துக்குப் பக்கத்தில் றோட்டைக் கடப்பார்கள்.' நேரத்துக்குக் கீழே சிவப்புக் கோடு, இடத்துக்குக் கீழே நீலக் கோடு, பிள்ளைகளுக்கு மேலே எஸ். இப்படி ஐந்து தாள்.

என் அண்ணை என்னைப் போக விடமாட்டேன் என்றார். "நீ போனா உன்னையும் வைச்சிருப்பாங்கள். அந்தாளுக்கு ஒரு மனிசி இருக்கு, அவ வந்து கேக்கட்டும்." கையெழுத்து என்னுடையது அண்ணை என்றேன். திங்கட்கிழமை காம்பு முள்ளுக்கம்பி வரை என்னோடு வந்தார். அதற்கு அப்பால் அவரை விடவில்லை. திரும்பிப் பார்த்தேன், சால்வையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. தாள்களை மேசையில் பரப்பினார்.

"எஸ் என்பவர் யார்?"

"எழுவாய், சேர். வாக்கியத்தில் வேலை செய்கிறவர்."

"அவர் பெயர் என்ன?"

"ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒவ்வொருவர், சேர். இதில் பிள்ளைகள். இதில் பசு."

"எந்த மணி? யார் அடிக்கிறார்கள்?"

"எந்த மணியும் இல்லை, சேர். அது ஓர் உதாரணம்."

"இல்லாத மணிக்கு ஏன் சிவப்புக் கோடு?"

மேசையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடந்தது. அதை என் பக்கம் தள்ளி, ஒரு சிவப்புப் பேனையும் தந்தார். "இதில் செய்து காட்டு."

நின்றபடியே செய்தேன். ஏதோ ஒரு அமைச்சர் எங்கோ ஒரு அணையைத் திறந்துவைத்த செய்தி. முதற்கோடு பத்திரிகையைக் கிழித்துவிட்டது. அமைச்சருக்கு எஸ். அணைக்கு ஓ. 'பல வருடங்களாகக் காத்திருந்த மக்கள்' என்ற இடத்தில் அடைப்புப் போட்டு, இது கிளோஸ், இது மக்களைப் பற்றிச் சொல்கிறது என்றேன். ஒரு பந்தி முடிந்ததும் போதும் என்றார்.

யன்னலால் விறாந்தை தெரிந்தது. செபநாயகம் அண்ணை நிலத்தில் இருந்தார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. என்னைக் கண்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்கே மொழிபெயர்க்கிறவனுக்கு அரைகுறை ஆங்கிலம். நீ செவ்வாயும் வெள்ளியும் பின்னேரத்தில் வா. அந்த ஆளை விடுகிறேன்."

நான் யன்னலைப் பார்த்தேன். ஓம் என்று சொன்னேன், மக்டலீன். வேறென்ன சொல்ல?

உம்முடைய
பாலேஸ்

---

சேசு மரி சூசை துணை

குருநகர்
20.02.1988

என் உயிரான பாலேஸ்,

உமக்கு நன்றி என்று எழுதி, அதைப் பார்த்து வெட்கப்பட்டு, மூன்று தரம் தாளைக் கிழித்துவிட்டேன். உடன்பிறந்த சகோதரிகூடப் போயிருக்கமாட்டாள்.

இவர் சாப்பிடுகிறார். சையிக்கிளைத் தொடுகிறார் இல்லை. கோவில் மணி கேட்டால் இருந்த இடத்திலேயே குந்திவிடுகிறார். அங்கே இவரை அடிக்கும்போதெல்லாம் எந்த மணி, எந்த மணி என்றுதான் கேட்டார்களாம். இவருக்கு இங்கிலீசில் மணி என்ற சொல்லே அன்றைக்குத்தான் தெரியும்.

நீர் அங்கே போகும் செவ்வாயும் வெள்ளியும் பின்னேரத்தில் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன். பார்த்துப் பேசும். எங்கள் வீடு உம்முடைய வீடு என்பதை மறக்கவேண்டாம்.

உம்முடைய
மக்டலீன்

---

உ

கரவெட்டி
13.03.1988

அன்புள்ள மக்டலீன்,

இதையும் லூர்த்தம்மாவிடம்தான் தருகிறேன். இதையும் எரித்துவிடும்.

காம்பில் என்னை ஒரு வாங்கில் இருத்துகிறார்கள். பிடித்து வந்தவர்களை எனக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் என்னைத் தெரிந்ததாகக் காட்டுவதில்லை, நானும் காட்டுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு தோட்டக்காரர். வீட்டில் இயக்கக்காரருக்குச் சோறு கொடுத்தாயா என்று கேட்டார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கேட்டவங்கள், குடுத்தனான்." அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் மனிதன் முடிந்தான். நான் ஒரு 'காரணமாக' போட்டேன், ஒரு பிறேஸும் சேர்த்தேன். அவர்கள் துவக்கோடு வந்து கேட்டதன் காரணமாக, வேறு வழியில்லாமல் கொடுத்தாராம். அதிகாரி தலையை நிமிர்த்தினார்.

"அவன் இரண்டு சொல்தானே சொன்னான். உன்னுடையது ஏன் இவ்வளவு நீளம்?"

"தமிழில் கிளோஸ்கள் வினைக்குள் ஒளிந்திருக்கும், சேர். ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்தவனைக் கூப்பிட்டார். தோட்டக்காரரை மறுநாள் விட்டார்களாம். ஆனால் அதிகாரி என்னை நம்புகிறார் என்று நான் நினைக்கவில்லை. இனி ஒரு தமிழ் தெரிந்த ஆளை எனக்குப் பக்கத்தில் இருத்துவார்.

நேற்று விடிய அண்ணை படலையைத் திறக்கப் போனவர் ஒரு துண்டோடு வந்தார். 'ஆமிக்கு மொழிபெயர்ப்பதை உடன் நிறுத்தவும்.' இவ்வளவுதான். எழுதியவர் பெயர் இல்லை. யார் நிறுத்துவது என்றும் இல்லை. தமிழுக்கு எழுவாய் வேண்டியதில்லை, எவரைப் பற்றியது என்று வாசிக்கிறவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை போகாவிட்டால் காம்பிலிருந்து வருவார்கள். போனால் மற்றவர்கள் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போது ஒருவரும் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பதில்லை. குணலட்சுமியைத் தாய் வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டா.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு மாதம் இருக்கலாமா? உங்கள் பக்கத்தில் என்னை ஒருவருக்கும் தெரியாது. பிறகு கொழும்புக்குப் போக வழி பார்ப்பேன். சமையலுக்கு உதவுவேன், புத்தகத்தையும் முடித்துவிடலாம். ஓம் என்றால் லூர்த்தம்மாவிடம் ஒரு சொல் சொல்லிவிடும், அடுத்த பஸ்ஸில் வருவேன். இந்தச் செவ்வாய்க்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்புகிறேன். அதற்கு மேல் பொய் சொல்ல முடியாது.

பாலேஸ்

---

சேசு மரி சூசை துணை

குருநகர்
18.03.1988

அன்புள்ள பாலேஸ்,

கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு எரித்தேன்.

மாமிக்கு ஒரு கிழமையாகச் சளியும் காய்ச்சலும். வீடும் சின்னன் என்பது உமக்குத் தெரியும். அக்காவின் பெடியள் இரண்டு பேரும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஆமி பிடித்துக்கொண்டு போகிற வயது. யாராவது உம்மைத் தேடிக்கொண்டு இங்கே வந்தால் அதுகளின் கதி என்ன? இவரும் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துக்கு இறங்குகிறார்.

கொஞ்ச நாள் பொறும். பாஸ்காவுக்குப் பிறகு பார்ப்போம். அதுவரை அண்ணையோடு கவனமாக இரும். உமக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறேன்.

கிளோஸ் அதிகாரம் முடித்துவிட்டேன். பெயர்ச்சொல் போல நிற்கும் கிளோஸ்களுக்கு உதாரணம் குறைவாக இருக்கிறது, யோசித்து வையும்.

மக்டலீன்

---

உ

வெள்ளவத்தை, கொழும்பு
11.04.1988

திருமதி மக்டலீன் செபநாயகம் அவர்களுக்கு,

நலம். நீங்களும் குடும்பத்தினரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் விடிய நெல்லியடியில் பஸ் ஏறினேன். அண்ணை கொண்டுவந்து ஏற்றிவிட்டார். நல்ல சேலை ஒன்றும் எடுத்து வரவில்லை. ஊரை விட்டுப் போகிறவள் போலத் தெரியக்கூடாது என்பதற்காக. வழியில் ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி நடந்தபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. இங்கே வந்த பிறகும் அந்தக் காது அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊரவர் ஒருவரின் வீட்டில் அறை தந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அண்ணைக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. காம்பிலிருந்து என்னைத் தேடிப் போயிருப்பார்கள். அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிவில்லை.

புத்தகத்தை உங்கள் பெயரில் மட்டும் அச்சிடலாம். என் பெயர் இப்போது எவருக்கும் நல்லதல்ல. பெயர்ச்சொல் கிளோஸ்களுக்கு உதாரணங்கள் தனித்தாளில் வைத்திருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமை எனக்கு விளங்குகிறது. அது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செல்வி க. பாலேஸ்வரி

---

சேசு மரி சூசை துணை

குருநகர்
24.04.1988

பாலேஸ்,

முதலில் உமக்கு வேண்டிய செய்தி. உமது அண்ணை உயிரோடு இருக்கிறார். காம்புக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஒரு கால் கொஞ்சம் ஊன்ற முடியாமல் இருக்கிறது, ஆனால் தோட்டத்துக்குப் போகிறார். உமது கடிதங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. "தங்கச்சி இப்போதைக்கு ஊருக்கு வரவேண்டாம் எண்டு எழுதச் சொல்லுங்கோ" என்றாராம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இவர் போய்ப் பார்த்தார்.

நீர் இங்கே வரக் கேட்டதை நான் இவருக்குச் சொல்லவே இல்லை. போன வாரம் லூர்த்தம்மா வாசலில் நின்று, "ரீச்சர் வந்திட்டாவோ?" என்று கேட்டுவிட்டா. இவர் என்னைப் பார்த்தார். "எந்த ரீச்சர்? எங்கை வர?" என்றார். உமது கொழும்புக் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. கருவாட்டுக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சையிக்கிளை எடுத்தார். "எங்கை போறியள்?" என்று ஹாண்டிலைப் பிடித்தேன். "கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். கோவில் மணிக்குக் குந்துகிற மனிதன், அதே சந்தியால், அதே சென்றியால், உம்மைக் கூட்டிவரப் போனார். அன்று பொழுதுபடும் வரை நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்து, "அவ ஊரை விட்டுப் போட்டா" என்றார். அண்ணையைக் கண்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நான் போட்டுக் கொடுக்கும் சோற்றைச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

மாமிக்கு அன்று சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை.

புத்தகத்தை நிறுத்தச் சொல்லி நடராசாவுக்குச் சொல்லிவிட்டேன். நீர் இல்லாமல் எனக்கு அது வேண்டாம்.

உமது கடிதத்தை இந்தத் தரம் எரிக்கவில்லை. எத்தனை தரம் வாசித்தாலும் அதில் ஒரு கோபம்கூட இல்லை. பதினாறு வருடமாக என்னை நீர் என்றுதான் எழுதினீர். கோபம் வந்தால் நீ என்றும் எழுதினீர். ஏசி எழுதும், பாலேஸ். என்ன வேண்டுமென்றாலும் எழுதும். 'நீங்கள்' என்று மட்டும் எனக்கு எழுதாதையும்.

மக்டலீன்